மச்சாளுக்குச் சமைத்த நாள்

அரிசி இல்லாமல் சமைப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். இல்லாமையை மறைக்கப் பெருமை பேசுகிறாள் என்று நினைக்கிறார்கள். பெருமைதான். ஆனால் நான் எதையும் மறைக்கவில்லை. பாதித் தேங்காய், ஒரு பிடி முருங்கையிலை, ஒரு கூறு சூடை மீன், கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குடும்பத்துக்கு ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு செய்ய எனக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தும் என் பிள்ளையை என்னோடு வைத்திருக்க என்னால் முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அரிசியும் மாவும் சீனியும் கடைகளில் இல்லாமல் போயிருந்த காலம் அது. சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி அரைக் கிழமைக்குக் காணாது. பேக்கரியில் பாணுக்கு விடிய முதலே போய் வரிசையில் நிற்கவேண்டும். நின்றாலும் எனக்கு முன்னால் நிற்பவளோடு பாண் முடிந்துவிடும். நாங்கள் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு அறை, ஒரு விறாந்தை, பின்னால் தகரம் போட்ட குசினி. குசினி வாசலில் நின்றால் வேலிக்கு மேலால் துறைமுகத் தண்ணீர் தெரியும். கப்பல் நின்றால் அதுவும் தெரியும். அநேகமாக ஒன்றும் நிற்காது.

என் கணவருக்கு அந்தக் கப்பல்களில்தான் வேலை. தேயிலைப் பெட்டிகள் ஏறும்போது பக்கத்தில் நின்று எண்ணிக் கணக்கு எழுதுவது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அந்த வருஷம் அவர் வீட்டில் இருந்ததுதான் கூட. காலையில் சேட்டுப் போட்டுக்கொண்டு துறைமுக வாசல் வரை போவார். மத்தியானத்துக்கு முன் திரும்பி வந்து கதிரையில் இருந்து வேலியைப் பார்ப்பார். நான் ஒன்றும் கேட்பதில்லை. சேட்டுக் கொலரில் அழுக்குப் படாமல் இருந்தாலே எனக்கு விளங்கிவிடும்.

நான் கப்பல்துறைக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா காட்டில் விறகு வெட்டி வண்டியில் ஏற்றி ரவுணுக்குக் கொண்டுவந்து விற்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். அவர்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தில் கடைசி வரை இருந்து சோதினை எழுதிச் சித்தியடைந்த முதல் ஆள் நான். மனையியலில் அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலேயே எனக்குத்தான் கூடின புள்ளி. எந்த உணவில் என்ன சத்து, எதை எவ்வளவு நேரம் அவிக்கவேண்டும், கீரையை நறுக்கிய பிறகு ஏன் கழுவக்கூடாது, எல்லாம் எனக்குப் பாடம். ஆசிரியை நியமனம் வரும் என்று காத்திருந்த நேரத்தில் கலியாணம் வந்தது, பிறகு பிள்ளை வந்தாள். நியமனம் வரவில்லை. படித்ததைப் பாவிக்க எனக்கு ஒரு குசினிதான் கிடைத்தது. சரி, அதிலே காட்டுவோம் என்று நினைத்தேன்.

காட்டினேன். குரக்கன் மாவைத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து நீத்துப்பெட்டியில் அவித்தால் பிட்டு. அதே மாவில் கொஞ்சம் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தட்டினால் ரொட்டி. கௌபிப் பயறை ஊறவைத்து அவித்துத் தாளித்தால் காலைச் சாப்பாடு. அவித்த தண்ணீரை ஊற்றுவதில்லை, அதிலே சத்து இருக்கிறது, அது சொதிக்குப் போகும். பாதித் தேங்காயில் முதற்பால் பிள்ளைக்கு, இரண்டாம் பால் கறிக்கு, மூன்றாம் பால் சொதிக்கு. பிழிந்த பூவை உப்பும் மிளகாயும் போட்டு இடித்தால் மரவள்ளிக்குச் சம்பல். பின்வளவில் நின்ற முருங்கை எங்களுடையது இல்லை, வீட்டுக்காரருடையது. ஆனால் இலை பறிக்க அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. வேலிக்கரையில் பொன்னாங்காணி தானாகவே கிடந்தது.

மீனுக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார், நானா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தைக் கடக்கிற லோஞ்சில் சைக்கிளோடு ஏறி வந்து இந்தப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் சுற்றுவார். கரைவலை பட்ட நாட்களில் சூடை மீன் மலிந்துபோகும். நிறுக்காமல் கூறு கூறாகவே விற்பார். வாசலில் பெல் அடித்துக்கொண்டே கூப்பிடுவார்.

"புள்ள, இண்டைக்குச் சூடை மலிவு. ஒரு கூறு போடட்டா?"

"போன முறை நீங்கள் தந்தது எல்லாம் வயிறு வெடிச்ச மீன், நானா."

"அது சந்தோசத்தில வெடிச்சது. உங்கட வீட்டுக்கு வாறமெண்டு."

"அப்ப இண்டைக்குச் சந்தோசமில்லாத மீனாப் பாத்துத் தாங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே கூறுக்கு மேலே இன்னும் ஒரு பிடி போடுவார். சூடையை முள்ளோடு புளி விட்டு மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் நேரமெடுத்து அவித்தால் முள் மெத்தென்று ஆகிவிடும். பிள்ளைக்கு முள்ளையும் சேர்த்துப் பிசைந்து கொடுப்பேன். எலும்புக்கு நல்லது.

பிள்ளைக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. கிளினிக்கில் மாதாமாதம் நிறுப்பார்கள். மருத்துவிச்சி அம்மா ஒரு முறை அவளுடைய தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டா.

"என்ன குடுக்கிறீர் இவளுக்கு?"

"குரக்கன், கௌபி, சூடை மீன், முருங்கையிலை."

"சோறு?"

"கூப்பன் அரிசி இருக்கிற நாளில கொஞ்சம் கஞ்சி. இல்லாட்டி இல்லை."

"அதுதான் தொடை இப்பிடித் திரண்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற மற்றத் தாய்மாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னா. "இந்தப் பிள்ளை பாருங்கோ, சோறில்லாமல் வளருது."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையை யாராவது பார்த்திருக்கவேண்டும்.

ஆனால் எங்கள் வீட்டு விஷயத்தில் மருத்துவிச்சி அம்மாவின் தராசை விடப் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். என் கணவரின் அக்கா. நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். குச்சவெளியில் இருந்தா. புருஷனுக்கு வயல் இருந்தது, வள்ளம் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. கலியாணமாகிப் பல வருஷம் ஆகியும் இல்லை. எங்களுடைய பிள்ளை பிறந்த நாள் முதல் மச்சாளுக்கு அவள் மேல் ஒரு உயிர். வரும்போதெல்லாம் சட்டை, ரிபன், கால் சங்கிலி. அதெல்லாம் நல்லதுதான். நானும் மச்சாளை வெறுக்கவில்லை. இப்போதும் வெறுக்கவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

தட்டுப்பாடு தொடங்கியபோது மச்சாள் பஸ் கொண்டக்டரிடம் ஒரு சின்ன மூட்டை அரிசி கொடுத்துவிட்டா. நான் அதை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினேன். "எங்களுக்கு இருக்கு, மச்சாள் கஷ்டப்பட வேண்டாம்," என்று சொல்லிவிடச் சொன்னேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அவர்களுடைய அரிசி வேண்டாம். புருஷனுடைய வீட்டார் அனுப்புகிற அரிசியில் இருந்து சாப்பிடத் தொடங்கினால் பிறகு அந்த வீட்டில் வாய் திறந்து கதைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என் அம்மா அப்படித்தான் வாய் திறக்காமல் இருந்தவ.

அரிசி திரும்பிப் போன கிழமைக்கு அடுத்த கிழமை மச்சாளே வந்து இறங்கினா. தண்ணீர் குடித்தா, பிள்ளையை மடியில் வைத்தா, என்னைப் பார்த்துச் சொன்னா.

"நீர் படிச்சனீர். உமக்கு ரோசம் இருக்கும். அரிசி வேண்டாமெண்டால் விடும். பிள்ளையைத் தாரும். நிலைமை நல்லா வந்த பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ."

"பிள்ளைக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை, மச்சாள்."

"நான் குறை சொன்னனானே? கொஞ்ச நாளைக்கு எண்டுதானே கேக்கிறன்."

எங்கள் ஆட்களுக்குள் இதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பிள்ளை இல்லாத மாமியோ சின்னம்மாவோ கொஞ்ச நாளைக்கு என்று கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளை அந்த வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கும். பிறகு அது அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவள் விசேஷத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். யாரும் அதைப் பறித்தது என்று சொல்லமாட்டார்கள். எடுத்து வளர்க்கிறார்கள் என்று சொல்வார்கள். அதுவும் பெருமையான கதைதான். எனக்கு அப்படி வளர்ந்த ஆட்களைத் தெரியும். அவர்களுடைய பெற்ற தாய்மாரையும் தெரியும்.

அன்றைக்கு நான் விடவில்லை. கணவர் நடுவில் நின்றார். "அக்கா, அடுத்த மாசம் வாங்கோவன். யோசிச்சுச் சொல்லுவம்," என்றார். மச்சாள் தலையாட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டா. அவ போன பிறகு கணவரைக் கேட்டேன்.

"என்ன யோசிக்கப் போறீங்கள்?"

"நீர் யோசியும் எண்டுதான் சொன்னனான்."

"நான் யோசிச்சு முடிஞ்சுது."

"அக்கா என்ன பேயே? உம்மட பிள்ளையைத் திண்டு போடுவாவே?"

"திண்ண மாட்டா. ஊட்டுவா. அதுதான் எனக்குப் பயம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான் என்று சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு சிரித்த ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த மாதம் முழுக்க நான் பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். பயறு வறுத்துக் குற்றி மாவாக்கினேன். குரக்கன் கூழில் முட்டை அடித்து ஊற்றினேன். கூனி இறாலை வறுத்துத் தூளாக்கி எல்லாவற்றிலும் தூவினேன். கிளினிக்கில் நிறை கூடியிருந்தது. அவள் கன்னம் இரண்டும் உப்பி, வளவெல்லாம் ஓடித் திரிந்தாள். குசினி வாசலில் தேங்காய்ச் சிரட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு தானும் சமைப்பாள். வெள்ளை மணலை அள்ளி அள்ளிச் சிரட்டையில் போட்டு என்னிடம் நீட்டுவாள். "என்ன இது?" என்று கேட்டால் "சோறு" என்பாள். இன்னொரு சிரட்டையைக் காட்டி "இது என்ன கறி?" என்று கேட்டால் அதுவும் சோறுதான். எல்லாச் சிரட்டையிலும் சோறுதான். நான் வாங்கிச் சாப்பிடுவதுபோல் செய்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன்.

மச்சாள் வருகிற கிழமை வந்தது. கணவர் சொன்னார், "ஒண்டும் புதுசாச் செய்ய வேண்டாம். நாங்கள் சாப்பிடுறதையே அக்காவுக்கும் குடும்."

"மச்சாளுக்கு மரவள்ளி அவிச்சு வைக்கிறதோ? வீட்டுக்கு வாறவவுக்குச் சோறு போடாமல் அனுப்பேலாது."

"அவவுக்குத் தெரியும்தானே நிலைமை."

"தெரியும். அதுக்குத்தான்."

இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு என்ன கொடுத்தாலும், நடுவில் சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடு இல்லை. பிட்டும் ரொட்டியும் கிழங்கும் பசிக்கு. சோறுதான் மரியாதைக்கு. அதிலும் வருகிறவ புருஷனின் அக்கா, வருவது என் பிள்ளையைக் கேட்டு. குரக்கனை வைத்தால் நானே என் வாயால் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அவ சோற்றைப் பார்க்கவேண்டும். போதும் என்று கை மறிக்கிற அளவுக்குப் பார்க்கவேண்டும். பிறகு எந்த வாயால் பிள்ளையைக் கேட்பா?

அந்தக் கிழமைக் கூப்பன் அரிசி முழுவதையும் அந்த ஒரு நேரத்துக்கு எடுத்து வைத்தேன். முதல் நாளே சுளகில் போட்டுப் புடைத்துக் கல் பொறுக்கினேன். அந்த அரிசியில் ஒரு சாக்கு மணம் இருக்கும். தண்ணீர் தெளியும்வரை கழுவி, உலையில் வாசத்துக்கு ரம்பையிலைத் துண்டு போட்டேன். நானாவிடம் நல்ல பாரை ஒன்று சொல்லி வைத்திருந்தேன். "என்ன புள்ள, சூடையைக் கைவிட்டாச்சா? கோவிக்கப் போகுது," என்றார். பாரையில் குழம்பு, தலையில் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. மச்சாள் வந்து குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தபோது சோற்றுப் பானையில் இருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. நான் மூடியை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்தேன்.

"என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு?" என்றா மச்சாள் என்னிடம். குரலில் மரியாதை இருந்தது. நான் அதைக் கேட்டேன், கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

பாயில் மச்சாள் இருந்தா, பக்கத்தில் பிள்ளை, எதிரே கணவர். நான் பரிமாறினேன். மச்சாளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் கூடாரம் மாதிரிச் சோறு போட்டேன். பிள்ளைக்கும் போட்டுக் குழம்பு விடப் போனேன். அவள் கையால் கோப்பையை மறைத்தாள்.

"கறி வேண்டாம்."

"கறியில்லாமல் என்னெண்டு சாப்பிடுறது?"

"சோறு மட்டும்."

வெறும் சோற்றை அவள் சாப்பிடத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாக. பிறகு பிடி பிடியாக. மச்சாள் ஏதோ ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தா. நடுவில் நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்தா. "மெல்லச் சாப்பிடு செல்லம். ஒருதரும் பறிக்க மாட்டினம்," என்றா. பிள்ளை நிமிரவில்லை. கோப்பை முடிந்ததும் என்னிடம் நீட்டினாள். போட்டேன். திரும்பவும் நீட்டினாள். திரும்பவும் போட்டேன். அடுத்த முறை நீட்டியபோது கணவர் என்னைப் பார்த்தார்.

"போதும் அம்மா, வயிறு நோகும்," என்று சொல்லி நான் கோப்பையை வாங்கப் போனேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னுடைய பிள்ளை என்னிடம் இருந்து சாப்பாட்டைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

மச்சாள் தன்னுடைய கோப்பையில் இருந்து ஒரு பிடி அள்ளி அவளுக்கு வைத்தா. அவவுடைய கோப்பையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவ சாப்பிடுவதை நிறுத்திவிட்டா.

சாப்பிட்டு முடிய மச்சாள்தான் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனா, கை கழுவ. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சட்டை நனையாமல் மச்சாள் அதைத் தூக்கிச் செருகும்போது பக்கத்துப் பொக்கற் பாரமாக இருந்தது போல. கை விட்டுப் பார்த்தா. இரண்டு உருண்டை சோறு. சின்னக் கையால் அமத்தி அமத்திப் பிடித்த உருண்டை. சட்டைத் துணியின் நூல் ஒட்டியிருந்தது.

"இது என்ன செல்லம்?"

"நாளைக்கு," என்றாள் பிள்ளை.

கிணற்றடியில் நின்று நான் அந்தச் சொல்லைக் கேட்டேன். விறாந்தையில் நின்ற கணவரும் கேட்டார். மச்சாள் உருண்டைகளைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தா. ஒரு பேச்சுப் பேசியிருக்கலாம். "இதுதானோ குறையில்லாத வீடு?" என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல நான் அந்த மாதம் முழுக்க ஆயத்தமாக இருந்தேன். அவ கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தா.

"அவளுக்குக் குறையில்லை மச்சாள்," என்றேன் கடைசியில். "போன மாசமும் கிளினிக்கில நிறுத்தவை. நிறை கூடித்தான் இருக்கு. மருத்துவிச்சி அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ."

"ஓம்," என்றா மச்சாள். "நிறுத்துப் பாத்திருப்பினம்."

இன்றைக்கும் நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நான் பொய் சொன்னேனா? இல்லை. பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. ஒரு நாள்கூடப் பசியோடு படுக்கவில்லை. அவளுடைய உடம்புக்கு வேண்டியது எல்லாம் நான் கொடுத்தேன். எலும்புக்கு, இரத்தத்துக்கு, கண்ணுக்கு என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். ஆனால் ஒழுங்கையில் மற்ற வீடுகளில் சோறு என்று கதைப்பதை அவள் கேட்டிருக்கிறாள். கூப்பன் நாளில் கஞ்சிக்குள் அதைக் கண்டிருக்கிறாள். மனையியல் புத்தகத்தில் ஆசைக்கு ஒரு பக்கம் இருக்கவில்லை. அந்தச் சோற்றை நான் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் மலைபோல் குவித்துக் காட்டினேன். மச்சாளுக்குக் காட்டத்தான் குவித்தேன். பார்த்தவள் பிள்ளை. குரக்கன் பிட்டும் சூடை மீனும் வைத்திருந்தால் அவள் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு எழும்பி ஓடியிருப்பாள். மச்சாளும் வந்த வழியே போயிருப்பா.

கணவர் கிணற்றடிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா."

"இஞ்சருங்கோ…"

"காணும். கப்பல் வரட்டும். வந்த பிறகு கூட்டிக்கொண்டு வருவம்."

நான் சண்டை பிடித்திருக்கவேண்டும் என்று அம்மா பிறகு சொன்னா. வாய் திறக்காத அம்மா எனக்குச் சொன்னா. ஆனால் அந்த நேரம் அடுப்பில் ஒன்றும் இல்லை. கிழமைக்குரிய அரிசி முடிந்துவிட்டது. பானையில் அடிச்சோறு கொஞ்சம் இருந்தது, அதையும் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள். நாளைக்கு அவளுக்கு முன்னால் நான் குரக்கனை வைத்தால், அவள் அந்தக் கோப்பையைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது. நான் போய்ச் சட்டைகளை மடித்தேன்.

பஸ்ஸில் ஏறும்போது பிள்ளை சந்தோஷமாகத்தான் ஏறினாள். யன்னல் பக்கம் வேண்டும் என்றாள். மச்சாளின் மடியில் இருந்துகொண்டு எனக்குக் கை காட்டினாள். பிள்ளைகள் பஸ்ஸைக் கண்டால் அப்படித்தான். நான் வேறு ஒன்றும் நினைக்கவில்லை, நினைக்கக் கூடாது என்று இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்குச் சமைக்கப் பழகுவது லேசாக இருக்கவில்லை. கை தானாகக் கூட எடுக்கும். எடுத்ததைத் திரும்பப் போடுவேன். மிஞ்சின தேங்காய்ப்பால் புளித்துப் போகும். முதற்பாலை யாருக்கு எடுப்பது? நானா வந்து பெல் அடித்தால் "வேண்டாம்" என்று உள்ளே இருந்தே சொல்லிவிடுவேன். ஒரு நாள் அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எங்க புள்ள, சின்னாள் எங்க?" என்று கேட்டார். "மாமி வீட்ட," என்றேன். "நல்லம்தானே," என்று சொன்னார். பிறகு அந்த ஒழுங்கை முடியும்வரை அவர் பெல் அடிக்கவில்லை.

கப்பல் வரத்தான் செய்தது. மழை தொடங்குவதற்கு முன் ஒன்று வந்தது, அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. கணவர் தேயிலைத் தூசியோடு வீட்டுக்கு வந்தார். கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி வரத் தொடங்கியது. ஒரு கொத்து வெள்ளை அரிசி வாங்கித் தகரப் பேணியில் போட்டு மூடி வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டி வர நான் குச்சவெளி பஸ் ஏறினேன். கணவருக்கு வேலை, வர முடியவில்லை. நிலாவெளி தாண்டிப் போகும் வழியெல்லாம் அவளுக்கு என்ன சொல்லவேண்டும் என்று பாடமாக்கிக்கொண்டு போனேன்.

மச்சாள் வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரு தடியோடு கோழி கலைத்துக்கொண்டிருந்தாள். உயர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு ஓடிப் போய் வாளியில் தண்ணீர் அள்ளி வைத்தாள், கால் கழுவ. அந்த வீட்டில் வருகிறவர்களுக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

சாப்பாட்டு நேரம். மச்சாள் எனக்குப் பாய் போட்டா. நான் விடியத் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தேன். மச்சாள் சோறு போட, நான் வழக்கப்படி கை மறித்து, "காணும் மச்சாள்," என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளை மச்சாளைப் பார்த்துச் சொன்னாள்.

"நிறையப் போடுங்கோ மாமி. அம்மாட வீட்ட சோறில்லை."

மச்சாள் அகப்பையோடு நின்றா. "அப்பிடிச் சொல்லக்கூடாது," என்று மெதுவாக அவளை அதட்டினா.

நான் சொன்னேன், "இருக்கு அம்மா. இப்ப இருக்கு. அப்பா வாங்கி வச்சிருக்கிறார். எங்கட வீட்ட பேணி நிறைய இருக்கு. அதுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. நான் சொன்னதை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான். கிணற்றடியில் மச்சாள் அழுத அன்றைக்கு "குறையில்லை" என்று நான் சொன்னதை அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே. சின்னப் பிள்ளை, பெரியவர்களுக்குச் சொல்வதுபோல எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"பரவாயில்லை அம்மா. இஞ்ச சாப்பிடுங்கோ."

சொல்லிவிட்டுத் தன் கோப்பையில் இருந்து ஒரு பிடி சோறு அள்ளி என்னுடைய கோப்பையில் வைத்தாள். மச்சாள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. நான் சாப்பிட்டேன். நல்ல சோறு. மச்சாள் திரும்பவும் போட்டபோது நான் கை மறிக்கவில்லை.

பின்னேரம் பஸ்ஸுக்கு மச்சாளும் பிள்ளையும் தெருமுனை வரை வந்தார்கள். வருகிற தைக்குப் பிறகு அங்கேயே பாலர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று மச்சாள் தயங்கித் தயங்கிக் கேட்டா. பிள்ளை மச்சாளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது. நான் ஏறினேன். கொண்டக்டர் எத்தனை ரிக்கற் என்று கேட்டார். ஒன்று என்றேன்.